தொட்டிக்குப் போகாத ஒரு வாய்

என் நாக்கைப் பற்றி நானே பெருமை பேசிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தேயிலை ஏலக் கம்பெனியில் நான் தலைமை டேஸ்டர். எந்தத் தோட்டத்துச் சரக்காக இருந்தாலும் முதலில் என் வாய்க்கு வந்துவிட்டுத்தான் வியாபாரிகளிடம் போக வேண்டும். நான் நல்லது என்றால் நல்லது. நான் முகம் சுளித்தால் தோட்டத்து முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். இதைத் திமிர் என்று சொல்பவர்கள் உண்டு. என் தங்கை அதில் முதல் ஆள்.

வேலை பார்ப்பதற்கு ஆடம்பரமாக இருக்காது. வெயில் நேராக விழாத, வெளிச்சம் மட்டும் நிறைய வருகிற நீளமான அறை. சுவரோடு சுவராக ஒரு மேசை. அதில் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தேயிலையின் தேநீர், பால் இல்லை, சர்க்கரை இல்லை. கரண்டியால் அள்ளி, தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். இதையே ஒரு குழந்தை வீட்டில் செய்தால் அடி விழும். எங்களுக்கு இதற்குத்தான் சம்பளம். விழுங்க மட்டும் கூடாது. விழுங்கினால் அடுத்த கிண்ணத்தின் ருசி மங்கிவிடும், மத்தியானத்துக்குள் வயிறும் கலங்கிவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள்தான் தெரியாத்தனமாக விழுங்கிவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். அப்படி மாட்டியவரை நாங்கள் லேசில் விட மாட்டோம், மாதக்கணக்கில் ஓட்டித் தள்ளுவோம்.

என் நோய் இத்தனை நாள் ஒளிந்துகொண்டதற்கு இந்த வேலைதான் காரணம்.

முதலில் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது ரொட்டி. நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். அடுத்தது இறைச்சி, பிறகு சோறு, பிறகு மசித்த உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலக்கிக்கொண்டே வந்தேன். கேட்டவர்களிடம் டயட் என்றேன். உடம்பு இளைத்தது. ஆபீசில் பெண்கள் அதன் ரகசியத்தைக் கேட்டு நச்சரித்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? காலை முழுக்க நான் வாய் நிறையத் தேநீரோடு அவர்கள் கண்ணெதிரே நிற்கிறேன். தொண்டைக்குக் கீழே எதுவும் போக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பிழைப்பு என்னுடையது.

கடைசியில் கம்பெனி விருந்து ஒன்றில்தான் குட்டு வெளிப்பட்டது. வியாபாரிகள் எல்லோரும் பார்க்கிறார்களே என்று வீம்புக்கு ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டேன். அது போய் உட்கார்ந்துகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. எச்சில் பொங்கி மூக்கு வழியாக வந்தது, கண் இருட்டியது, மூச்சு முட்டியது. மூக்கர்தான் என்னைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூக்கர் எங்கள் இரண்டாவது டேஸ்டர். நல்ல நீளமான மூக்கு, அதனால் இந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், ஆனால் சுற்றிவளைக்காமல் பேசுகிற பெண். என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"உணவுக்குழாய்ல கட்டி இருக்கும்மா. புற்றுநோய்தான். கல்லீரலுக்கும் பரவியிருக்கு. ஆபரேஷன் பண்ணிக் குணமாக்குற கட்டத்தைத் தாண்டிடுச்சு."

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எவ்வளவு நெரிசலிலும் ஹாரனைத் தொடாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர். அவர் கை என் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"குணமாக்க முடியாதுன்னா நீங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன். சற்று வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"உங்களை நல்லபடியா வச்சுக்குவோம். வலி இல்லாம, மூச்சுத் திணறாம, ஏதாவது சாப்பிட்டுக்கிட்டு, உங்க வேலையைப் பார்த்துக்கிட்டு. கைவிட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. இதுவும் வைத்தியம்தான், நாங்க இதுக்குன்னே படிச்சிருக்கோம்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. தன் தொழிலைப் பற்றி நிமிர்ந்து பேசுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நிலைமை வேகமாக மோசமானது. தண்ணீர்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. பிறகு சொந்த எச்சிலே இறங்கவில்லை. கையோடு ஒரு சின்னக் கிண்ணம் வைத்துக்கொண்டு அதில் துப்பிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி வழியாக நீர் ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டில் சமையல் வாசனையே நின்றுவிட்டது. "நான் டிப்போல சாப்பிட்டுக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர். நானும் நம்பினேன்.

ஒரு காலை சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கதவை யாரும் சாத்தியதில்லை. திறந்தேன். அவர் யூனிபாரத்தோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பாத்திரத்திலிருந்தே அள்ளி அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசனை எனக்கு வரக்கூடாது என்று ஜன்னலை அகலத் திறந்துவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் பிடிபட்ட மாதிரி அப்படியே நின்றுவிட்டார்.

"டிப்போல சாப்பிடுறேன்னீங்க?"

"டிப்போலயும் சாப்பிடுறேன்."

"பொய் சொல்றதையாவது உருப்படியா சொல்லுங்க."

"பின்ன என்னம்மா பண்ண? உன் எதிர்ல உட்கார்ந்து நான் எப்படிச் சாப்பிடுறது?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இந்த நோய் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் சாப்பாட்டு மேசையிலிருந்து என் புருஷனை எழுப்பித் துரத்த அதற்கு யார் உரிமை கொடுத்தது? எனக்கு என்ன வேண்டும் என்பது அந்த நிமிஷம் தெளிவாகிவிட்டது. ஆயுளைக் கேட்டால் தருவதற்கு ஆளில்லை. அந்த மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் என் வாயால் சாப்பிட வேண்டும், அவரும் ஒளியாமல் மறையாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். மூன்றாவது என் தங்கை. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. எங்கே போனாலும் அந்த இடம் அவளுக்குத் தன் பள்ளிக்கூடம்தான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. வயித்துல குழாய் வச்சுக்கோ. சத்தெல்லாம் நேரா உள்ள போயிடும். தொண்டையோட மல்லுக்கட்ட வேண்டாம். உடம்புல பலம் இருந்தாத்தானே மத்ததெல்லாம்?"

"நான் என்ன செல்போனா, ஒயரைச் சொருகி சார்ஜ் ஏத்துறதுக்கு?"

"பாருங்க டாக்டர், பாதி உடம்பு போயிடுச்சு. வாய் மட்டும் குறையவே இல்ல."

"அது என் பிழைப்புடி. குறையக் கூடாது."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தங்கச்சி சொல்றது தப்பில்லம்மா. குழாய் வச்சா சத்துக்குக் கவலையில்ல. ஆனா தொண்டை அடைச்சது அடைச்ச மாதிரியேதான் இருக்கும். இன்னொரு வழி, உணவுக்குழாய்க்குள்ளேயே கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைச் சுருக்குறது. பலன் நின்னு கிடைக்கும், ஆனா தெரிய வாரக்கணக்குல ஆகும். உங்களுக்கு எச்சிலே இறங்கல, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. மூணாவது ஸ்டென்ட். அடைச்சிருக்கிற இடத்துல ஒரு கம்பி வலைக் குழாயைக் கொண்டுபோய் வைப்போம். அது தானா விரிஞ்சு வழியைத் திறந்துவிடும். ஒன்னு ரெண்டு நாள்லயே வித்தியாசம் தெரியும்."

"அதுல என்ன வில்லங்கம்? அதையும் சொல்லிடுங்க."

"சில நாள் நெஞ்சுல வலி இருக்கும். ஸ்டென்ட் நகர்ந்துடலாம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அடைக்கலாம். வயித்துக்குப் பக்கத்துல வைக்கிறதால புளிப்புத் தண்ணி மேல எதுக்களிக்கும். எல்லாத்துக்கும் ஏதாவது செய்யலாம். ஆனா ரொட்டி, கறித் துண்டெல்லாம் மறந்துடணும். மசிச்சது, குழைஞ்சதுதான்."

"புளிப்பு மேல வந்தா நாக்கு கெட்டுப்போகுமா?"

டாக்டர் யோசித்தாள். "தெரியலம்மா. கெடலாம், கெடாமலும் இருக்கலாம். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல."

சாப்பாட்டு மேசையா, நாக்கா என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்த நாக்கு எனக்குப் பேர் கொடுத்தது, வீடு கொடுத்தது. ஆண்கள் மட்டும் நின்ற மேசைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை இடத்தில் நிறுத்தியது. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வண்டியை ஓட்டுறது நீ. நான் பக்கத்து சீட்டு" என்றார்.

"மாமா, நீங்களுமா?" என்றாள் தங்கை.

"ஸ்டென்ட்டே வையுங்க டாக்டர்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்ன விதத்தில், ஏலத்தில் விலை முடிந்ததும் சுத்தியலைத் தட்டுவார்களே, அந்தச் சத்தம் இருந்தது என்று தங்கை பிறகு சொன்னாள். அவள் என்னைப் புகழ்ந்தது அபூர்வம் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் வைத்தார்கள், எனக்கு எதுவும் தெரியவில்லை. விழித்தபோது நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு அகட்டுகிற மாதிரி ஒரு வலி. அதற்கு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் ஒருத்தி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். பின்னாலேயே வீட்டுக்காரர், தேர்வு முடிவு பார்க்க வந்த பையன் முகத்தோடு.

"மெதுவா, ஒரே ஒரு வாய்" என்றாள் நர்ஸ்.

டம்ளரை வாங்கினேன். உறிஞ்சினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பேசினில் குறி தவறாமல் துப்பியிருந்தேன்.

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "இறங்கலையா? ஐயோ, இருங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். டாக்டர் வந்தாள். ஸ்டென்ட் விரியவில்லையோ, நகர்ந்துவிட்டதோ என்று என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போனார்கள். படத்தில் ஸ்டென்ட் வைத்த இடத்தில் வைத்தபடி, அழகாக விரிந்து உட்கார்ந்திருந்தது. "ராத்திரியிலேர்ந்து எச்சிலைத் துப்புற கிண்ணம் காலியாவே இருக்கே, கவனிச்சீங்களா? தூக்கத்துல எல்லாம் இறங்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் டாக்டர். அப்போதுதான் வீட்டுக்காரருக்குப் பொறி தட்டியது.

"டாக்டர், இவ வாய்க்குள்ள போன தண்ணியைத் துப்பித்தான் பழக்கம். காலம் பூரா இவளுக்கு அதானே வேலை!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு விஷயம் போய், அவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். தொழில் புத்தி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் எனக்குத் தெரியும். பழக்கமாக இருந்தால் தேநீர், தண்ணீரோடு நின்றிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கஞ்சியையும் துப்பினேன். சூப்பையும் துப்பினேன். ஸ்பூன் நுனியில் மருந்து மாதிரி தொட்டுத் தொட்டு வைத்தால் ஏதோ கொஞ்சம் போயிற்று. ஒரு வாய் என்று சொல்லும்படி எடுத்தால் தொண்டை இறுகிக்கொள்ளும், நாக்கு தானாக வெளியே தள்ளிவிடும். விருந்தில் மூச்சு முட்டியதை என் தொண்டை மறக்கவில்லை. வழி திறந்துவிட்டது என்று படம் சொன்னது, டாக்டர் சொன்னாள், நானும் நம்பினேன். தொண்டை நம்பவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. யாருக்கும் பயப்படாதவள் என்று பேர் வாங்கியவள், ஒரு ஸ்பூன் கஞ்சியைப் பார்த்து நடுங்கினேன். அதை வெளியே சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

தங்கை விட்டுவைப்பாளா? தினமும் வந்து தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். டாக்டருக்கு அவளே போன் போட்டாள். டாக்டர் என்னிடம் பேசினாள். "அம்மா, உங்களைப் பயமுறுத்தல. ஆனா அடுத்த தடவை வர்றதுக்குள்ள சரியா சாப்பிட ஆரம்பிக்கலைன்னா குழாய் வச்சுத்தான் ஆகணும். உடம்பு தாங்காது." சமையலறைக் கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது.

மூக்கர் போன் பண்ணினார். ஏலம் நெருங்குகிறதாம், சரக்கு மலைபோல் குவிந்திருக்கிறதாம், சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதுமாம். வீட்டில் கஞ்சியோடு முறைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று கிளம்பினேன். வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டார்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குச் சேலை தோளில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தேன். ஆனால் மேசைக்கு முன்னால் போய் நின்றதும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. முதல் கிண்ணத்தை உறிஞ்சும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் உதறல். நாக்கு போயிருந்தால்? உறிஞ்சினேன், சுழற்றினேன், துப்பினேன். மலை உச்சித் தோட்டம், மழைக்கு முன்னால் பறித்தது, இலையை வாட்டும்போது இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருக்கலாம். எல்லாம் துல்லியமாகச் சொன்னது நாக்கு. அப்படியே இருந்தது! எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று நகர்ந்தேன். மூக்கர் தொட்டியை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

நடுவில் ஒரு கிண்ணத்தில் நின்றேன்.

"இதை யாரு பாஸ் பண்ணினது?"

"நான்தான் மேடம். அருமையான சரக்கு. நிறத்தைப் பாருங்க, தகதகன்னு இருக்கு."

"நிறத்தைக் கண்ணாடி போட்டவன் எவன் வேணா பார்ப்பான். சாக்கு வாடை அடிக்குதே, அது தெரியலையா?"

தேயிலையை ஈரச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் அந்த வாடை அதில் ஏறிவிடும். வெந்நீர் ஊற்றினால் அடியில் மெல்லியதாகத் தலைகாட்டும். எல்லா நாக்குக்கும் அது அகப்படாது.

"சாக்கு வாடையா?" மூக்கர் ஒரு கரண்டி உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பினார். "இல்லவே இல்ல மேடம். சுத்தமா இருக்கு."

"இருக்கு."

"மேடம்..." அவர் குரல் தணிந்தது. "நீங்க ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்க. மருந்து மாத்திரைன்னு வேற..."

ஊர்ஜிதம் செய்துகொள்வதற்காகப் பெரிய கரண்டியாக அள்ளி உறிஞ்சினேன். வாய் நிறைந்திருந்தது. சாக்கு வாடைதான், சந்தேகமே இல்லை. துப்புவதற்குத் திரும்பினால், மூக்கர் தொட்டியைத் தன் பக்கம் தள்ளிவைத்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். அவர் என் தோளைத் தொட்டு, நோயாளியிடம் பேசுகிற அந்தக் குரலில், "பரவாயில்ல மேடம். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. நாங்க பார்த்துக்குறோம்" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எனக்கா ரெஸ்ட்? நீங்க பார்த்துக்குவீங்களா? இந்தச் சரக்கு ஏலத்துக்குப் போயிருந்தா நாளைக்கு நம்ம கம்பெனி மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கும்? அவ்வளவு நீள மூக்கை வச்சுக்கிட்டு என்னய்யா பண்றீங்க?"

மூக்கர் என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேடம்," என்றார், ஏதோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டவர் மாதிரி, "நீங்க முழுங்கிட்டீங்க."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். தலைமை டேஸ்டர், ஏல வாரத்தில், மேசைக்கு முன்னால் நின்று விழுங்கிவிட்டாள். இதைவிடப் பெரிய மானக்கேடு எங்கள் தொழிலில் கிடையாது.

நான் நெஞ்சில் கையை வைத்தேன். இப்போது நிற்கும், இப்போது அடைக்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. வெதுவெதுப்பாக ஒரு கோடு நெஞ்சுக்கு நடுவே இறங்கி, கட்டி உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி, வயிற்றில் போய்ச் சேர்ந்தது. அது போய்ச் சேர்ந்ததை நான் உணர்ந்தேன். தேயிலையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மார்தட்டியவளுக்கு, அது தொண்டைக்குக் கீழே என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு கரண்டி எடுத்தேன். இந்தத் தடவை கோபம் இல்லை, பயமும் இல்லை. வேண்டுமென்றே விழுங்கினேன். அதுவும் இறங்கியது. கிண்ணத்தையே தூக்கி, மிச்சத்தை வாய் வாயாகக் குடித்துக் காலி செய்தேன். நான் மனமார விழுங்கிய முதல் தேநீர் சாக்கு வாடை அடித்த மூன்றாந்தரச் சரக்கு. அதற்கு ஈடான தேநீரை நான் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை.

மூக்கருக்கு அப்போதுதான் புரிந்தது. விருந்தன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அல்லவா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறொரு கிண்ணத்தில் அதே தூளைப் போட்டுப் புதிதாக வெந்நீர் ஊற்றினார். ஆறவிட்டு, நிதானமாக உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்து துப்பினார்.

"இருக்கு மேடம். சாக்கு வாடைதான். அடியில இருக்கு."

"அழுதுக்கிட்டே ருசி பார்த்தா எல்லாத்துலயும் உப்புத்தான் தெரியும். மூக்கைச் சிந்திட்டு அடுத்ததைப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். மிச்ச வரிசை முழுவதையும் நான்தான் பார்த்து முடித்தேன், ஒழுங்காகத் துப்பி.

சாயந்திரம் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வருவதற்குள் சமையலறைக் கதவை அகலத் திறந்துவைத்தேன். உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெயும் பாலும் விட்டு, ஒரு கட்டி இல்லாமல் மசித்தேன். காய்கறி சூப்பை வழவழவென்று அரைத்தேன். மேசையைத் துடைத்து எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தேன். அவர் வாசலிலேயே வாசனை பிடித்திருப்பார். பையைக் கீழே வைக்காமல் உள்ளே வந்து நின்றார்.

"யாராவது வர்றாங்களா?"

"நீங்கதான் வந்திருக்கீங்க. கை கழுவிட்டு உட்காருங்க."

"நான் அப்புறமா..."

"அப்புறமெல்லாம் கிடையாது."

உட்கார்ந்தார். நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை, கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சிக்னல் விழக் காத்திருக்கிற டிரைவர் போல. விழுங்கினேன். இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது.

"இது எத்தனை நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியாது" என்றேன். "மறுபடி அடைக்கலாம். அடைச்சா மறுபடி போய் அந்தப் பொண்ணு முன்னாடி உட்காருவோம். இன்னைக்குத் திறந்திருக்கு. சாப்பிடுங்க."

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். கன்னம் உப்பியபடி, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிய, தொண்டையைக் காட்டி இறங்கவில்லை என்று கையை ஆட்டினார். இத்தனை நாள் நின்றுகொண்டும் ஒளிந்துகொண்டும் சாப்பிட்ட மனுஷனுக்கு, உட்கார்ந்ததும் ஒரு வாய் மசித்த கிழங்கு இறங்கவில்லை.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதை அப்படியே அவருக்குச் சொன்னேன்.

"நிமிர்ந்து உட்காருங்க. அவசரமே இல்ல. நல்லா மெல்லுங்க, கூழாகட்டும். இப்ப கொஞ்சமா உள்ள விடுங்க. பக்கத்துல வெந்நீர் இருக்கு, ஒரு வாய் குடிங்க. பயப்படாதீங்க. நானே முழுங்கிட்டேன், உங்களுக்கென்ன?"

அவர் விழுங்கினார். நான் எழுந்து அவருக்கு எதிரே என் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அடுத்த கரண்டியை எடுத்தேன்.